டிபன் கேரியருக்குக் கொடுத்த பட்டு

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மீனாட்சிபுரத்தில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவள் கணவருக்குக் கோயமுத்தூரில் மில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் கையில் ஓர் எவர்சில்வர் பாத்திரம் இருக்கும். பால் ஊற்றப் போகும் சாக்கில் அவள் சமையலறைப் பலகையில் புதிதாக என்ன ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவேன். எங்கள் வீட்டில் பித்தளையும் மண்சட்டியும்தான்.

பழைய துணிக்குப் பாத்திரம் தரும் வியாபாரி ஒருநாள் வந்தார். கூடையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது, அவளிடம் இல்லாதது. நான் கொடுத்த வேட்டிகளைத் தள்ளிவிட்டு, ஜரிகை இருந்தால் தரலாம் என்றார். கல்யாணமான வருஷம் என் கணவர் எடுத்துத் தந்த அரக்குப் பட்டை உள்ளேயிருந்து கொண்டுவந்தேன். முந்தானையில் ஆணி கிழித்த இடத்தைக் கறுப்பு நூலால் தைத்திருந்தேன். அதைப் பார்த்து அவர் தயங்கினார். நான் கேரியரைக் கீழே வைக்கவே இல்லை. கிடைத்துவிட்டது.

அவள் வரும்போதெல்லாம் கண்ணில் படுகிற இடத்தில் அதை வைத்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள்.

மாரியம்மன் கோயில் நோம்பிக்கு அவள் அரக்குப் பட்டு உடுத்தி வந்தாள். கும்பிடக் குனிந்தபோது முந்தானையில் என் கறுப்புத் தையல்.

"சீலை எங்கீங்கக்கா எடுத்தீங்க?"

"அவரு கோயமுத்தூர்ல எடுத்தாந்தாரு அம்மிணி," என்றாள், சாமியைப் பார்த்தபடி.

என் சீலை என்று சொன்னால், அது எப்படிக் கைமாறியது என்றும் சொல்ல வேண்டும். நானும் சாமி பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் சொன்ன பொய்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த அரக்கு என் உடம்பில் ஒருநாளும் அவ்வளவு எடுப்பாக இருந்ததில்லை. அதுதான் வயிற்றை எரித்தது.

திரும்பும் வழியில் கணவர் சொன்னார்: "பக்கத்தூட்டு அம்மிணி சீலையப் பாத்தியா? உனக்கும் அந்த மாதிரி ஒண்ணு எடுக்கோணும்."

தான் எடுத்துத் தந்த பட்டை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எடுங்க என்றேன்.

அடுத்த வாரமே பொள்ளாச்சிக்குப் போனோம். கடையில் விரித்ததிலேயே அகலமான கரை போட்ட பச்சைப் பட்டாகப் பார்த்து எடுத்தேன். விசேஷம் எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை உடுத்திக்கொண்டு அவள் வாசல் வழியாகக் கோயிலுக்குப் போனேன். ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை இரண்டு நாள் எனக்குத் தித்தித்தது.

மூன்றாம் நாள் அவள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இரண்டு பேர் தையல் மெஷினை இறக்கினார்கள்.