பாத்திமா அனுப்பிய மெயில்

மேகத்தில், அதாவது கிளவுடில், தகவலைச் சேமிக்கலாம் என்று இன்று யாராவது ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். மேகம் என்றாலே உப்பளக்காரனுக்கு ஆகாது, மழை வந்து உப்பைக் கரைத்துவிடும். ஆனால் என் காரணம் வேறு.

2005இல் மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியிடம் மேனேஜராக இருந்தேன். டைப்பிஸ்ட் பாத்திமா தினமும் மாலையில் வாடிக்கையாளர் முகவரிகளை ஏதோ ஒரு மெயிலுக்கு அனுப்புவதைப் பார்த்தேன். திருட்டு என்று முதலாளியிடம் சொன்னேன். அவள் விளக்க வாயெடுத்தாள், நான் விடவில்லை. அன்றே அவளுக்கு வேலை போயிற்று.

மூன்றே மாதத்தில் உப்புக்காற்று கம்ப்யூட்டரை அரித்துத் தின்றது. ஒரு முகவரிகூட மிஞ்சவில்லை. வேறு வழியில்லாமல் கோட்டக்குப்பத்தில் அவள் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க சார், போலீஸு வெளிய நிக்குதா?" என்றாள்.

"இல்லம்மா... அந்த மெயிலு..."

"அது கம்பெனி பேர்ல தொறந்த மெயிலு சார். உப்புக்காத்துல மெஷின் போயிடும்னுதான் இன்டர்நெட்டுல வெச்சேன். பாஸ்வேர்டு எழுதி அன்னிக்கே உங்க டேபிள் கண்ணாடிக்கு அடியில சொருகிட்டு வந்தேனே, பாக்கலியா?"

சீட்டு அங்கேயேதான் இருந்தது. மூன்று மாதமாக அதன் மேல்தான் டீ டம்ளரை வைத்திருக்கிறேன். பிரவுசிங் சென்டரில் திறந்தேன். எல்லா முகவரிகளும் பத்திரமாக இருந்தன.

"எப்படிய்யா புடிச்ச?" என்று முதலாளி என் தோளில் தட்டினார். பாத்திமாவின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், "கொஞ்சம் மூளையைக் கசக்குனேன் மொதலாளி" என்றேன்.

அந்த ஆபீஸில் கடைசிவரை அவள் திருடி, நான் கெட்டிக்காரன்.