பையனின் இடக்கை

விரல் இடுக்குகளில் ஐந்து தாள்களைச் செருகிக்கொண்டு, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டின அந்தக் கைகள். புரட்டப் புரட்ட, தாளில் இருந்த பையன் தலைநிமிர்ந்தான், மூச்சை இழுத்தான், இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கினான். மறுபடி புரட்டின, மறுபடி மடக்கினான். மூன்றாம் முறை கைகள் பாதியிலேயே நின்றுவிட்டன.

பையனின் இடக்கை முழுதாக மூடியிருந்தது. இரண்டு விரல்கள் விறைத்து நின்றது வலக்கையில்.

“போச்சு” என்றாள் பூதக்கண்ணாடி.

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் பக்கத்து மேஜை வர்ணக்காரர். அடுத்தவர் வரைந்த படத்தில் ஒரு பொத்தான் குறைந்தால்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. ஓவியப் பள்ளிக்கூடத்தின் வாசலையும் மிதிக்காதவள். தையல் கடையில் பூவேலைக்கு மாதிரி வரைந்துகொண்டிருந்தவள், ஜப்பானிய அனிமே தொடர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒரு குதிப்புக்கு எத்தனை படம், ஒரு பெருமூச்சுக்கு எத்தனை படம் என்று தானே எண்ணிக் கற்றுக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக இந்த அனிமேஷன் ஸ்டூடியோவில் வேலை. இப்போது அகப்பட்டிருப்பது அவளே வரைந்த தப்பு.

இப்போது அவர்கள் எடுக்கும் தொடரின் கதை எளியது. ஊர் ஆறு வற்றிப்போகிறது. அதன் தலைமடையைத் தேடி ஒரு பையன் கிளம்புகிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில், பனியில் புதைந்த தோழனை இழுத்து வெளியே போடும்போது அவனுடைய இடக்கையில் இரண்டு விரல்கள் மரத்து, மடங்காமல் விறைத்துப்போகின்றன. அடுத்த வாரமே சரியாக்கிவிடுங்கள் என்று டிவிக்காரர்கள் கேட்டார்கள். இயக்குநர் முடியாது என்றுவிட்டார். “மத்த தொடர்ல பையன் அடிபடுவான், அடுத்த வாரம் புதுசா வந்து நிப்பான். நம்ம பையன் புதுசா வரமாட்டான்” என்றார். பத்தாம் அத்தியாயத்தில் பையனால் மூட்டையை முடிச்சுப் போட முடியவில்லை. பதினொன்றில் பல்லால் போடக் கற்றுக்கொண்டான். அந்த வாரம்தான் பார்ப்பவர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின.

இன்று இருபத்தாறாவது, கடைசி அத்தியாயம். மூன்று மணிக்குள் டிவி நிலையத்துக்குப் போயாக வேண்டும். தவறினால் பழைய அத்தியாயத்தையே திரும்பப் போட்டுவிடுவார்கள். இரண்டாம் பாகம் உண்டா என்பதும் இதை வைத்துத்தான். இங்கே இருக்கும் பதினான்கு பேருக்கும் அடுத்த வருட வேலை அதில் இருந்தது. கடிகாரம் ஒன்பதரை காட்டியது.

இயக்குநர் ஓடி வந்தார். அவளைவிட எட்டு வயது இளையவர்.

“எப்படிக்கா? நீங்களா?”

“நானேதான் தம்பி. கண்ணாடி.”

அவளுடைய மேஜையில் எப்போதும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. அதன் முன் தானே நடித்துப் பார்த்துத்தான் வரைவாள். கண்ணாடியில் இடம் வலமாகும் என்பதால், பையனின் இடக்கை வேண்டுமென்றால் தன் வலக்கையை நீட்டுவாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆனால் இந்தக் காட்சியை வரைந்த அன்று, தலைமடையில் ஆற்றை அடைத்து வைத்திருக்கும் காவலன் முன்னால் பையனாகவே போய் நின்றுவிட்டாள். பையனுக்கு இடக்கையில் காயம். அவளும் இடக்கையையே நீட்டினாள். கண்ணாடி காட்டியதை அப்படியே முப்பது தாளில் இறக்கிவிட்டாள்.

“படத்தை இடம் வலமா திருப்பிப் போட்டா ஆச்சு” என்றார் வர்ணக்காரர். “கம்ப்யூட்டர்ல ஒரே தட்டு. இதுக்கா இவ்வளவு ஒப்பாரி?”

“திருப்பினா அவன் தோள்ல இருக்கிற பை மறு தோளுக்குப் போயிடும். இருபத்தஞ்சு வாரமா வலது பக்கம் பாத்து நடந்தவன் இடது பக்கம் பாப்பான். சண்டைக்குப் போறவன் வீட்டுக்குத் திரும்பற மாதிரி இருக்கும்.”

“அக்கா, மூணு செகண்டு” என்றார் இயக்குநர். அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. “யாரு பாக்கப்போறாங்க?”

“எங்க வீட்டுக்காரர் பாப்பார்.”

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாரந்தோறும் ஷூவைக் கழற்றும் முன்பே “பையன் கை எப்படி இருக்கு?” என்றுதான் கேட்பார். பத்து வருடமாக வலிக்கும் அவளுடைய முதுகைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அவர் சாகசக் கதைக்கு மயங்குகிற ஆளும் இல்லை. ஆனால் பையன் பல்லால் முடிச்சுப் போட்ட அன்று, சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட மறந்தார்.

முப்பது படம். நிதானமாக வரைந்தால் ஒன்றுக்கு அரைமணி நேரம். வேறு யாருக்காவது பிரித்துக் கொடுத்தால் படத்துக்குப் படம் கோடு மாறித் தெரியும். இயக்குநர் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடி இல்லாமலே முஷ்டி பிடிக்கப் பார்த்தாள். இடக்கையின் இரண்டு விரல்களை விறைப்பாக நிறுத்தி மற்றவற்றை மடக்கினாள். பிடி நிற்கவில்லை. மறுபடி மடக்கினாள். அப்போது அவள் சொல்லாமலே வலக்கை எழுந்து வந்து, அந்த இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக மடித்து, மேலே பொத்திப் பிடித்துக்கொண்டது.

அவள் தன் கைகளையே சற்று நேரம் பார்த்தாள்.

“தம்பி, இங்க பாருங்க.”

இன்னொரு முறை செய்து காட்டினாள். இயக்குநர் தலையிலிருந்து கையை எடுத்தார்.

“இதுக்கு எத்தனை படம்?”

“எட்டு. மெதுவாதானே அசையுது. ஒவ்வொண்ணையும் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திக் காட்டலாம்.”

“ஆனா அந்த இடத்துல அவன் கத்தறானேக்கா. குரல் எல்லாம் எடுத்தாச்சு.”

“கத்தலை வெட்டிடுங்க. கத்தறவன் எல்லாத் தொடர்லயும் இருக்கான். தன் விரலைத் தானே மடிச்சு விட்டுக்கிட்டு சண்டைக்குப் போறவன் எங்க இருக்கான்?”

இயக்குநர் விருட்டென்று எழுந்து ஒலிப்பதிவு அறைக்குப் போனார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

“சம்மதமா, கோபமா?” என்றார் வர்ணக்காரர்.

“கத்தலை வெட்டப் போறார். நீங்க கையை நீட்டுங்க.”

“என் கையா?”

“இனி கண்ணாடியை நம்ப மாட்டேன். இடக்கை. அது இடக்கைதானா?”

“பொறந்ததிலேர்ந்து.”

அவர் எதிரில் உட்கார்ந்து, ஒரு கையால் மறு கையைப் பொத்திக்கொண்டார். அவள் வரைந்தாள், அழித்தாள், வரைந்தாள். வலக்கையின் கட்டைவிரல் எந்த விரல்மேல் படிகிறது, எங்கே தோல் சுருங்குகிறது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். நாலாவது படத்தில் அவர் நெளிந்தார்.

“மூக்கு அரிக்குது.”

“பையன் நாலு நாள் பனியில கிடந்தான்.”

“அவனுக்கு நீங்க மூக்கையே ஒரு கோடாத்தானே போட்டிருக்கீங்க, எப்படி அரிக்கும்?”

அவள் சிரித்ததில் பென்சில் நழுவியது. அந்தக் கோட்டை அழிக்க வேண்டியதாயிற்று. இயக்குநர் இரண்டு முறை வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

எட்டாவது படம் முடிந்தபோது மணி ஒன்று இருபது. வர்ணத்துக்கு ஒரு மணி நேரம், சேர்ப்பதற்கு அரைமணி, சரியாக இருந்தது. எட்டுத் தாளையும் அடுக்கித் தட்டி, விரல் இடுக்குகளில் செருகிப் புரட்டினாள். பையன் குனிந்து தன் இடக்கையைப் பார்த்தான். வலக்கையால் ஒரு விரலை மடித்தான். இன்னொன்றை மடித்தான். பொத்திக்கொண்டு நிமிர்ந்தான். முகம் வலது பக்கம் பார்த்திருந்தது, பை அதே தோளில் தொங்கியது. இடக்கை, இடக்கை, இடக்கை என்று எட்டு முறை வாய்விட்டு எண்ணினாள். முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

வர்ணக்காரர் இரண்டு கைகளையும் நீட்டினார்.

“துடைச்சுட்டு வாங்குங்க.”

அவர் உள்ளங்கைகளைக் கால்சட்டையில் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார். அவள் எட்டுத் தாளையும் அவர் கையில் வைத்தாள்.