யாரும் கூப்பிடாத நடனம்

இரண்டு வருடங்களுக்கு முன், டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊரில் நடந்தது இது. விவாகரத்து முடிந்து, வீட்டை விற்றுவிட்டு, ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மென்ட் ஒன்றுக்கு மாறியிருந்தேன். அதுவரை ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுப் பழகிய தமிழ்க் குடும்பங்கள், சண்டை எதுவும் இல்லாமலே விலகிப் போயின. அந்த வருடக் கொலுவுக்கு ஒரு வீட்டிலிருந்தும் அழைப்பு வரவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போய் நிற்பவள் நான் இல்லை. அந்த வீம்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொடுமை. வெள்ளிக்கிழமை கடைசி மீட்டிங் முடிந்தால், திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்க மாட்டேன். அதனால் பக்கத்துப் பூங்காவுக்குப் போவேன். ஸ்பெயினின் கட்டலோனியாவிலிருந்து வந்தவர்களின் சங்கம் ஒன்று, அங்கே ஸ்பீக்கரில் வாத்திய இசையை வைத்து, கைகோத்து வட்டமாக ஆடும். சர்தானா என்று பெயராம். கைப்பைகளை நடுவில் குவித்துவிட்டு, அதைச் சுற்றிக் கணக்குப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பார்கள். நம் கும்மி மாதிரிதான், ஆனால் பிடித்த கையை விடவே மாட்டார்கள். பல வாரங்கள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். யாராவது ‘வாங்க’ என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன் என்பதுதான் உண்மை. என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இவர்களுமா என்று மனசு கசந்தது.

ஒரு ஞாயிறு, துணிச் செருப்பின் நாடாவைக் கட்ட ஒரு பெண் என் பெஞ்சுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். உங்களுக்கு ஆடப் பிடிக்காதா என்று கேட்டாள். நீங்கள் யாரும் கூப்பிடவில்லையே என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் ஊரில் இந்த ஆட்டத்துக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதே கிடையாதாம். வேண்டியவர்கள் வந்து இரண்டு பேருக்கு நடுவே கையை நீட்டினால் போதும், வழி விட்டாக வேண்டும். ஒரே ஒரு தடை. ஆணும் அவருக்கு வலப்பக்கம் நிற்கும் பெண்ணும் ஜோடி; அவர்கள் நடுவே மட்டும் நுழையக் கூடாது.

ஜோடி என்றதும் எனக்குச் சுருக்கென்றது. தனியாக வந்தவர்கள் எங்கே நிற்பது என்று கேட்டேன்.

“மிச்ச இடம் எல்லாம் அவங்களுக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை.

அடுத்த ஆட்டம் தொடங்கியதும் எழுந்தேன். கைப்பையைக் குவியலில் போட்டுவிட்டு, ஜோடி இல்லாத இடமாகப் பார்த்துக் கையை நீட்டினேன். இரண்டு பக்கமும் கைகள் பிரிந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டன. ஒரு அடிகூடச் சரியாக வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் காலை நன்றாகவே மிதித்தேன். ஒரு மனிதக் கை என்னைத் தொட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைக்கவும் வழியில்லை, இரண்டு கையும் அவர்களிடம் இருந்தன.

ஆட்டம் முடிந்ததும் அவரவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அபார்ட்மென்ட் அதே அமைதியோடுதான் இருந்தது. அன்று சாயங்காலம், விலகிப்போன அந்தக் குடும்பங்களில் ஒன்றில் இருந்த பழைய தோழி ஒருத்திக்குப் போன் செய்து, சனிக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

“வாடி. எல்லாரும் ஜோடியா வர்ற இடத்துக்கு உன்னைக் கூப்பிட்டா வலிக்குமேன்னுதான் விட்டுட்டேன்,” என்றாள்.

எல்லா வீடுகளும் அப்படித் திறக்கவில்லை. ஒரு வீட்டில் காபியோடு அனுப்பிவிட்டார்கள். இன்றும் பெரும்பாலான ஞாயிறுகளில் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் அழைப்புக்காகக் காத்திருக்காமல் நானே போய் பெல் அடிக்கிறேன். கதவு திறக்கும்வரை வாசலில் நிற்கும் அந்தச் சில நொடிகள் மட்டும் இன்னும் எனக்குப் பழகவில்லை.