குண்டுக்கல் மலையில் தேனீ கிளம்பிய காலை

பூண்டி ஏரிக்கு அப்பால் உள்ள குண்டுக்கல் மலையைப் பற்றி எழுதுவதை மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். போக நினைக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் இப்போது எழுதுகிறேன். தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் எனக்கு அன்று ஷிப்ட் இல்லை. ஆதிமனிதர்கள் தங்கிய குகை அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

திருவள்ளூர் மணவாள நகரில் ஆட்டோ எடுத்தேன். காத்திருப்பதற்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய். திருப்பாச்சூர் தாண்டி, ஏரியைச் சுற்றிக்கொண்டு, சுமார் முப்பது கிலோமீட்டர். ஓட்டுநர் டில்லிபாபு வழியில் ஒரு கடையில் வண்டியை நிறுத்தினார். "இங்கயே நாஷ்டா முடிச்சுக்கினு போயிடலாம் சார். அதுக்கு மேல டீக்கடைகூட கெடையாது." அவரும் குகையைப் பார்த்ததில்லையாம். கூடவே வந்தார்.

கடைசி ஊரிலிருந்து புதர்க்காட்டில் மூன்று கிலோமீட்டர் நடை. மலை என்றாலும் பெரிய உயரமில்லை. ஆற்றில் கிடக்கிற மாதிரி உருண்டைக் கற்களைச் செம்மண்ணில் பதித்து இறுக்கியது போல இருக்கிறது மொத்த மலையும். எந்தக் காலத்திலோ ஓடிய நீர் உருட்டி வந்து சேர்த்த கற்கள். அவற்றை உடைத்துத்தான் ஆதிமனிதர்கள் கைக்கோடரி செய்திருக்கிறார்கள். குகை ஆழமானதல்ல. முன்னால் நீண்ட பாறைக்கூரை, அதனடியில் சின்னதாக ஒரு அம்மன். கூரை முழுக்க மலைத்தேனீ அடைகள், ஒவ்வொன்றும் முறம் அகலத்துக்கு.

எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் வந்திருந்தது. சேகர், மனைவி கலா, எட்டு வயது மகள். சேகருக்கும் கும்மிடிப்பூண்டியில்தான் வேலை. வேலை நிரந்தரமானதால் அம்மனுக்குப் பொங்கல் வைக்க வந்திருந்தார்கள். சேகர் பாறைக்கூரைக்கு அடியிலேயே மூன்று கல் வைத்து அப்போதுதான் அடுப்பு மூட்டியிருந்தார்.

"அண்ணே, மேல அடை தொங்குது பாரு. கீழ எறங்கி வெச்சுக்கயேன்," என்றார் டில்லிபாபு.

சேகர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா நைனா, நான் கவனிக்கவே இல்ல." முகம் சுளிக்கவில்லை, வாதாடவில்லை. உடனே குடத்துத் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார்.

அணைந்த விறகிலிருந்து வெள்ளையாகப் புகை எழும்பி நேரே கூரைக்குப் போனது.

முதலில் மழை வருகிற மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் வெளிச்சமே மங்கிவிட்டது. நானும் டில்லிபாபுவும் புதருக்குள் ஓடினோம். திரும்பிப் பார்த்தபோது சேகர், மகளையும் கலாவையும் கீழே தள்ளி, புடவையை இழுத்து மூடி, அவர்கள்மேல் குப்புறப் படுத்திருந்தார். அவர் தலையில் முடி தெரியவில்லை. தேனீதான் தெரிந்தது.

டில்லிபாபு தலையில் சட்டையைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார். நானும் போனேன். சேகரைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம்; கலாவும் மகளும் கூடவே ஓடிவந்தார்கள். போனில் சிக்னல் இல்லை. எங்கள் கூச்சலைக் கேட்டு ஆடு மேய்த்தவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும், பாதி வழியில் ஊர்க்காரர்கள் கட்டிலோடு எதிரே வந்தார்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்று ஆட்டோவிலேயே கிளம்பினோம். ஏரிக்கரை வரை சேகர் பேசிக்கொண்டு வந்தார். "பாப்பாவுக்குக் கண்ணுல கொட்டலியே?" என்று இரண்டு முறை கேட்டார். "கையிலதாங்க, ரெண்டு மூணு எடம்தான்," என்றாள் கலா. அதன்பிறகு அவர் பேசவில்லை. திருவள்ளூர் மருத்துவமனையில் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்றார்கள்.

போகிறவர்களுக்கு: வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். சென்ட் பூச வேண்டாம், கற்பூரம்கூடக் கொளுத்த வேண்டாம். தேனீ கிளம்பினால் நிற்காமல் ஓடுங்கள். இதை எழுதும்போதே, சேகரால் அப்படி ஓடியிருக்க முடியாது என்றும் தெரிகிறது.

டில்லிபாபு அந்தப் பக்கம் இப்போது சவாரி எடுப்பதில்லை. "நான் சும்மா இருந்திருந்தா அவரு தண்ணி ஊத்தியிருக்க மாட்டாரு சார்," என்பார். அடுப்பு எரிந்திருந்தாலும் புகை போயிருக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். போன வாரம் அவரைக் கலா வீட்டுக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே நின்று அதையே அவளிடமும் சொன்னார்.

கலா அவருக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டாள். பிறகு, "நீங்க சொல்லலன்னா நானே சொல்லியிருப்பேண்ணா," என்றாள். "யாரு சொன்னாலும் கேட்டுக்கற மனுசன் அவரு."