சத்தம் கூடாது என்று சொன்னேன்

நாலு நாளாக ஒரு போஸ்ட் கார்டு என் மேஜையில் கிடக்கிறது. சேலத்திலிருந்து ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்.

‘போன வருஷம் பாண்டிச்சேரியில் ஒரு வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்களே… வாயைத் திறக்காமலே பேசிக்கொள்ளும் ஒரு தம்பதி, மாடியில் கடற்காற்று. மே மாதம் அங்கே போய் நிம்மதியாக இருக்க நானும் மனைவியும் ஆசைப்படுகிறோம். அட்ரஸ் தர முடியுமா?’

இரண்டு வரியில் பதில் போட்டுவிடலாம். நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஏன் தெரியுமா? அந்த வீட்டைப் பற்றி நான் எழுதியது தப்பு. தப்பு என்று தெரிந்தும் ஒரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கட்டுரைக்கு வந்த பாராட்டுக் கடிதங்களை மட்டும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

சரி, முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் எனக்கு பி.பி. ஏறிவிட்டது. சென்னையில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் ஒரு அபார்ட்மென்ட் கட்டிக்கொண்டிருந்தார்கள். காலை ஆறு மணிக்கு கான்கிரீட் மிஷின் ஆரம்பிக்கும். “ஒரு மாதம் எங்கேயாவது அமைதியான இடத்துக்குப் போங்க” என்றார் டாக்டர். கடலோரமாக ஒரு சின்ன ஊரில் ஒரு மாத வாடகைக்கு வீடு பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

எந்த ஊர்? ஒரு வாரம் இதே ஆராய்ச்சி. மாமல்லபுரம் போனால் தெருவுக்குத் தெரு கல் செதுக்குகிற சத்தம். தரங்கம்பாடி அருமையான ஊர்தான் – அவசரத்துக்கு டாக்டர் கிடைப்பாரா என்று மனைவிக்குச் சந்தேகம். கன்னியாகுமரிக்கு ரயிலில் போய்ச் சேருவதற்குள் இன்னும் பத்து பாயின்ட் ஏறிவிடும். கடைசியில் பாண்டிச்சேரி என்று டிக் அடித்தேன்.

“அமைதி வேணும்ங்கறீங்க, கடற்கரை வேணும்ங்கறீங்க. கடலே ராத்திரி பகலா சத்தம்தானே போடுது?” என்று கேட்டாள் என் மனைவி வசந்தா. அது இயற்கையான சத்தம், இதெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

புரோக்கர் என்னை வைத்திக்குப்பத்துக்கு அழைத்துப் போனார். ஊருக்குள்ளேயே இருக்கிற மீனவர் குடியிருப்பு. மணலில் வரிசையாகப் படகுகள். அதை ஒட்டிய தெருவில் ஒரு மாடி வீடு. மேலே ஒரு ரூம், பாத்ரூம், கடலைப் பார்த்தபடி ஒரு பால்கனி. காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

அப்போது கீழே யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. சாதாரணக் கத்தல் இல்லை… சுவர் அதிர்கிற மாதிரி.

“யாருப்பா அது? சண்டையா?”

“ஐயோ, சண்டையெல்லாம் இல்ல சார். சும்மா பேசிக்கினு இருக்காங்க.”

“இதோ பாருப்பா. நான் வர்றதே அமைதிக்காக. இந்தச் சத்தம் இருக்கிறதா இருந்தா வீடு வேணாம். கீழ இருக்கறவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடு.”

“நான் சொல்லிடறேன் சார். நீங்க கவலைய வுடுங்க.”

நானும் விட்டுவிட்டேன். சொன்னதையே மறந்தும் விட்டேன். கண்டிஷன் போடுகிறவர்களுக்கு இது ஒரு வசதி. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் எதிர்ப்பக்கம் இருக்கிறார்கள்.

மே மாதம் பெட்டி படுக்கையோடு போய் இறங்கினோம். கீழே குடியிருந்தவர்கள்தான் வீட்டுக்காரர்கள். கலியபெருமாள், அவர் மனைவி அஞ்சலை. இருவருமே அறுபதைத் தொட்டவர்கள். பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். மில்லை மூடிய பிறகு மாடி வாடகைதான் வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தது. கலியபெருமாள் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார், சிரித்தார், பெட்டியை வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

என்ன அமைதி என்கிறீர்கள்! குக்கர் விசில் கிடையாது. டி.வி. கிடையாது. மீன்காரம்மா கூடத் தெருமுனையில் கூவுவதை நிறுத்திவிட்டு, வாசலுக்கு வந்து அன்னக்கூடையைத் தட்டுவார். அஞ்சலையம்மா வெளியே வருவார். என் பி.பி. பத்து நாளில் இறங்கிவிட்டது.

அதைவிட ஆச்சரியம் அந்தத் தம்பதி. பால்கனியிலிருந்து பார்த்தால் பின்கட்டு தெரியும். அஞ்சலை கணவரின் தோளை மெல்லத் தொடுவார். இரண்டு விரலைச் சுழற்றுவார். அவர் போய் மோட்டாரைப் போடுவார். அஞ்சலை விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோவார். அவர் வந்து இலை முன்னால் உட்காருவார். சாயங்காலமானால் கலியபெருமாள் கடற்கரைக்குப் போய்ப் படகுகளுக்கு நடுவே எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இருட்டிய பிறகுதான் திரும்புவார்.

எழுதுகிறவன் சும்மா இருப்பானா? இரண்டாவது வாரமே உட்கார்ந்து எழுதிவிட்டேன். நாற்பது வருட தாம்பத்தியத்தில் வார்த்தைகள் தேவைப்படாமலே போய்விட்ட ஒரு ஜோடி என்று எழுதினேன். சாயங்காலம் முழுவதும் கடலோடு மௌனமாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் என்று எழுதினேன். நாம் எவ்வளவு அதிகமாகப் பேசுகிறோம் என்று உங்களுக்கெல்லாம் புத்திமதி வேறு சொன்னேன். மூன்றாவது வாரம் பத்திரிகையில் வந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம் என்றிருந்தேன். அஞ்சலையம்மா படியேறி வந்தார். மேலே வரவில்லை, மூன்றாவது படியிலேயே நின்றுகொண்டார்.

“சார்… ஒரு அஞ்சு நிமிஷம் அவுரு பேசிக்கட்டுங்களா?” குரல் கிசுகிசு என்று வந்தது.

எனக்குப் புரியவில்லை. “யாரு? எங்க?”

“கீழதான் சார். போனு வரும். எங்க பொண்ணு செல்வி, பிரான்ஸ்லேர்ந்து. மாப்பிள்ள பிரெஞ்சு நேஷனாலிட்டி. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசும். அவுரு கொஞ்சம் சத்தமா பேசுவாரு…”

“தாராளமா பேசட்டும்மா. இதுக்கு என்னை எதுக்குக் கேக்கறீங்க?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “நீங்கதான சார் சத்தம் கூடாதுன்னு புரோக்கராண்ட சொல்லி வுட்டீங்க?”

அன்றைக்குச் சுவர் அதிரக் கத்தியது யார் என்று அப்போதுதான் தெரிந்தது.

“மில்லுல தறியாண்டயே இருந்து அவுருக்குக் காது போயிடுச்சி சார். தன் கொரலு தனக்கே கேக்காது. அதான் கத்துவாரு. நானும் கத்துனாத்தான் அவுருக்குக் கேக்கும். நாலு வாரமா அவுரு போன எடுக்கறதில்ல. நான்தான் மெதுவா பேசிட்டு வச்சிடறேன். அப்பா எங்கன்னு கேட்டுச்சி. மொத வாரம் கடைக்குப் போயிருக்காருன்னேன். அடுத்த வாரம் குளிக்கறாருன்னேன். அப்புறம் தூங்கறாருன்னேன். போன வாரம் அழுவ ஆரம்பிச்சிடுச்சி. அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சி, மறைக்கறேங்குது. ஏழு மாசம் சார் அதுக்கு. இப்பிடி அழுவலாமா?”

“பக்கத்து வீட்டுலேர்ந்தாவது பேசியிருக்கலாமே?” என்றாள் வசந்தா.

“அவுரு போடற சத்தத்துக்கு அங்கேர்ந்தும் ஒங்களுக்குக் கேக்கும்மா.”

நான் தயங்கித் தயங்கி, “அந்தக் கை ஜாடை…” என்றேன்.

“அது மில்லு பாஷ சார். தறி ஓடற எடத்துல வாயால பேசனா யாருக்குக் கேக்கும்? கைதான் பேசும். மில்லு மூடனதும் அத வுட்டுட்டோம். ஒங்களுக்காவத்தான் திரும்ப எடுத்தோம்.”

வசந்தா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

கீழே போன் அடித்தது. அஞ்சலையம்மா ஓடினார். நாங்களும் பாதிப் படி வரை இறங்கி நின்றோம். அவர் ரிசீவரில் ஏதோ சொல்லிவிட்டுக் கணவரிடம் நீட்டினார். கலியபெருமாள் அதை இரண்டு கையாலும் வாங்கினார். என்னைப் பார்த்தார். உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ரகசியம் சொல்வது போல, “அம்மாடி… அப்பாதாண்டி…” என்றார்.

அது எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

அஞ்சலையம்மா குனிந்து ரிசீவரில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது. “யாருன்னு கேக்குது சார். எங்கப்பா கொரலு இது இல்லங்குது. இன்னும் ஜாஸ்தியா அழுவுது.”

அந்தப் பெண் பிறந்ததிலிருந்து அப்பா மெதுவாகப் பேசிக் கேட்டதே இல்லை. எப்படி அடையாளம் தெரியும்?

“சத்தமாப் பேசுங்க” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. அவர் தவறு செய்துவிட்டவர் போல என்னைப் பார்த்து, பொத்தின கையை இன்னும் இறுக்கினார். எனக்குத் தாங்கவில்லை. மீதிப் படிகளை ஒரே ஓட்டமாக இறங்கி, அவர் காதருகே போய், தொண்டை கிழியக் கத்தினேன்.

“கத்துங்க! கத்திப் பேசுங்க! உங்க பொண்ணு அழுவுது!”

அமைதி வேண்டும் என்று வந்து ஒரு மாதம் அனுபவித்த வீட்டில், கேட்ட முதல் கூச்சல் என்னுடையது.

அடுத்த நிமிஷம் கலியபெருமாள் வாயைத் திறந்தார். “அம்மாடீ! செல்வீ! அப்பாதாண்டீ! நல்லாத்தான் இருக்கேன்! கல்லு மாதிரி இருக்கேன்! அழுவாத!” படகடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் இல்லை, இருபது நிமிஷம் பேசினார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதைத் துடைத்தால் பேச்சு நின்றுவிடும் என்பது போல விட்டுவிட்டார்.

போனை வைத்தவர் என்ன செய்தார் தெரியுமா? நேரே என்னிடம் வந்து கை கூப்பினார். “மன்னிச்சிக்குங்க சார். கொஞ்சம் சத்தமாயிடுச்சி.”

நான் அவரிடம் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் என்னிடம் சொல்கிறார். ஏதோ தலையை ஆட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் கிளம்பும்போது அஞ்சலையம்மா சொன்னார்: “பத்திரிகையில எழுதியிருந்தீங்களே, எதிர் வூட்டுப் பொண்ணு படிச்சிக் காட்டுச்சி. நல்லா இருந்தது சார். ஆனா அவுரு கடலாண்ட மௌனமா உக்காந்திருப்பாருன்னு படிச்சதும் தெருவே சிரிச்சிச்சி. அவுரு அங்க போறதே படகுக்காரங்களோட கத்திப் பேசறதுக்குத்தான. அங்கதான் அலச் சத்தத்துல ஒங்களுக்குக் கேக்காது.”

கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னார். பஸ் பாண்டிச்சேரி எல்லையைத் தாண்டியது. வசந்தா ஒன்று சொன்னாள். “பேசறவங்க வாயைக் கட்டிட்டு, அவங்க பேசறதில்லைன்னு பாராட்டி வேற எழுதிட்டீங்க.”

அடுத்த வாரமே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மாங்காய் ஊறுகாய் பற்றி ஏதோ எழுதினேன்.

நேற்று அந்த வீட்டுக்கு போன் செய்தேன். அட்ரஸ் கொடுக்கலாமா என்று கேட்க வேண்டுமே. அஞ்சலையம்மா எடுத்தார், விஷயத்தைக் கணவரிடம் கத்திச் சொல்லிவிட்டு ரிசீவரை அவரிடம் கொடுத்தார். ரிசீவரை முழ தூரத்தில் பிடித்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து வசந்தா வந்து எட்டிப் பார்த்தாள்.

“பேத்தி பொறந்து தவழ ஆரம்பிச்சிட்டா சார்! யாரு வேணாலும் வரட்டும் சார், தாராளமா அனுப்புங்க! சத்தமே இருக்காது!”

“போன வருஷம் நான் செஞ்சது தப்புங்க” என்றேன்.

“என்னா சார்? கேக்கல!”

மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் கேட்கவில்லை. கத்தியிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் ஜன்னல் திறந்திருந்தது, எதிர் ஃப்ளாட்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பைக் கத்திக் கேட்க எனக்குக் கூச்சம். உடம்பைப் பார்த்துக்குங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதையும் அந்த எதிர் வீட்டுப் பெண் படித்துக் காட்டுவாள். சத்தமாகப் படித்துக் காட்டு, தாயே.

ஹெட்மாஸ்டர் சார், அட்ரஸைத் தனியாக அனுப்புகிறேன். காற்று நன்றாக இருக்கும், மீன் நன்றாக இருக்கும், அவசியம் போய் வாருங்கள். ஒரே ஒரு விஷயம்… போய் இறங்கியதும் கீழ் வீட்டில் ஒருவர் உங்களைப் பார்த்து மெல்லக் கும்பிட்டுச் சும்மா நின்றால், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் நீங்கள் கத்துங்கள்.