ஈசானி மூலைக்கு ஓடிய தண்ணீர்

மே 14, புதன்கிழமை. காலை 4.40-க்கு எழுந்தேன். 4.55-க்கு வீட்டின் பின்புறம் தார்ப்பாய் கட்டி மறைத்த இடத்தில் இரண்டு வாளித் தண்ணீரில் குளித்தேன். 5.20-க்குப் பண்ணையில் இருந்தேன். முதல் ஷெட்டில் வெப்பம் 28 டிகிரி, இரண்டாவதில் 28, மூன்றாவதில் 29. இரவில் செத்த கோழிகள் பதினொன்று. கத்திரி வெயிலுக்கு இது குறைவு. தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதினேன். தீவனம் போட்டு முடிக்க 7.10 ஆனது. 8.30-க்கு நான்கு இட்லி.

புதுச்சத்திரம் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் நான் சூப்பர்வைசர். எழுதுவதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் எழுதுகிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள். அவள் சொல்வது உண்மை. எந்த நாள் எது நடந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தார்ப்பாய்க்குப் பின்னால் குளிக்கக் காரணம், வீட்டில் இருந்த ஒரே பாத்ரூமை ஏப்ரல் 25-ஆம் தேதி உடைத்துப் போட்டதுதான். பத்து நாள் வேலை என்றார்கள். அன்று இருபதாவது நாள்.

உடைத்தது அம்மாவுக்காக. அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. மார்ச் மாதம் சேலத்தில் இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் செய்தோம். எங்கள் பழைய பாத்ரூமில் குந்தி உட்காரும் கோப்பை, வாசலில் ஒரு படி, பாசி பிடித்த சிமெண்டுத் தரை. அதில் அவரை விட முடியாது. அதனால் ஆட்டையாம்பட்டியில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். அங்கே பாத்ரூம் மிகச் சிறியது. இரண்டு பேர் உள்ளே நின்றால் கதவைச் சாத்த முடியாது. தங்கைதான் குளிப்பாட்ட வேண்டும் என்பதால் கதவு திறந்தே இருக்கும், ஒரு சேலையைத் திரையாகக் கட்டுவார்கள். பக்கத்திலேயே மைத்துனரின் தறிக்கூடம். ஆட்கள் போய் வந்துகொண்டிருப்பார்கள்.

தினமும் மாலை போனில் அம்மா சொல்வது ஒன்றுதான்.

"கதவச் சாத்திக்கிட்டுக் குளிச்சு ரெண்டு மாசமாச்சு சாமி."

மே 16, வெள்ளிக்கிழமை அழைத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். படி இல்லாத வாசல், மேற்கத்திய கோப்பை, சுவரில் இரண்டு கைப்பிடி, வழுக்காத டைல்ஸ். ஏழடிக்கு ஐந்தடி அறை. கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து கொடுத்தேன். கதவு கிழக்குச் சுவரில், வடக்கு ஓரம். தண்ணீர் போகும் துளை அதற்கு நேர் எதிரே, தென்மேற்கு மூலையில். தரை முழுவதும் துளையைப் பார்த்துச் சரிய வேண்டும். கொத்தனார்கள் இதை வாட்டம் என்பார்கள். அடிக்குக் கால் அங்குலம் என்று எழுதி, அம்புக்குறியும் போட்டிருந்தேன். அந்தத் தாளைச் சிமெண்டு மூட்டைமேல் போட்டு அதில் வடை வைத்துத் தின்றார்கள். எண்ணெய்க் கறையுடன் இன்னமும் வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கோடையில் வீட்டு வேலை தொடங்குகிறவன் முட்டாள். சித்திரையில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மாரியம்மன் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி. டைல்ஸ் மேஸ்திரி வெண்ணந்தூர்க்காரர். தன் ஊர் நோம்பிக்கு மூன்று நாள் போனார், மனைவியின் ஊர் நோம்பிக்கு மூன்று நாள் போனார், பிறகு யாரோ ஒருவரின் ஊர் நோம்பிக்கும் போனார். அத்தனை அம்மன்களின் அருளும் அவருக்கு உண்டு. என் பாத்ரூமுக்குத்தான் இல்லை.

பிளம்பர் இன்னும் மேல். கோடையில் நாமக்கல் பக்கத்துப் பிளம்பர்கள் எல்லோரும் கோழிகளுக்குச் சொந்தம். ஷெட்டுக்குள் பனிபோலத் தண்ணீர் தூவும் குழாய் அடைத்துக்கொண்டால் மதியத்துக்குள் நூற்றுக்கணக்கில் சாகும். அதனால் வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் பண்ணைக்கு ஓடுவார்கள். ஏன் வரவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"கோழிக்கு ஒரு மத்தியானம் தண்ணி இல்லாட்டிச் செத்துப் போயிருமுங்க. மனுசன் நாலு நாள் குளிக்காட்டி என்னங்க ஆவுது, சித்த நாறுவான்."

அன்று அவர் போயிருந்தது எங்கள் பண்ணைக்கு. கூப்பிட்டதும் நான்தான்.

பார்வையாளர்களைப் பற்றியும் எழுதியாக வேண்டும். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள்கூட முதலில் பாத்ரூமைத்தான் பார்த்தார்கள். சுவரில் டால்பின் படம் போட்ட டைல்ஸ் வைக்காததற்கு ஒருவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "பாக்க ஒரு லுக்கா இருக்குமுங்க" என்றார். என் மனைவி நிலைமை மோசம். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். போகும்போதெல்லாம் அந்த வீட்டு அம்மா சொல்லும் யோசனைகளைக் கேட்டுவிட்டுத்தான் திரும்ப முடியும்.

அன்று காலை பத்து மணிக்குப் பண்ணையில் ஒரு சம்பவம். இரண்டாவது ஷெட்டைப் பார்த்துக்கொள்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், பழைய ஆள். பதிவேட்டைப் புரட்டினேன். மதியம் இரண்டு மணிக்கு எழுத வேண்டிய வெப்பம் காலை பத்து மணிக்கே எழுதப்பட்டிருந்தது. 41 டிகிரி.

"ரெண்டு மணி ஆயிப் போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நேத்தும் நாப்பத்தொண்ணு, முந்தாநேத்தும் நாப்பத்தொண்ணு. இன்னைக்கு மட்டும் மாறிப் போயிருமுங்களா?"

"பாக்காம எழுதறதுக்கு உங்களுக்குச் சம்பளமா? நீங்களே எழுதறதா இருந்தா தெர்மாமீட்டர் எதுக்கு?"

"ஒரு நாளுங்க."

"நாளைக்கு வர வேண்டாம்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். எனக்கு வருத்தம் இல்லை. பார்க்காமல் எழுதுகிறவனைவிட எழுதாதவன் மேல் என்பது என் எண்ணம்.

1.15-க்குச் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். டைல்ஸ் ஒட்டி முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது. தண்ணீர் ஊற்றலாம். சோற்றுக்கு முன் ஒரு வாளித் தண்ணீரைக் குளிக்கும் இடத்தில் ஊற்றினேன். தண்ணீர் துளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவை நோக்கி நடந்து வந்தது. வடகிழக்கு மூலையில் விரல்கடை ஆழத்துக்குத் தேங்கியது. படிதான் இல்லையே, வாசலைத் தாண்டி நடைக்கும் வந்தது.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன்.

"தண்ணி கதவுகிட்ட வந்து நிக்குதுங்க மேஸ்திரி."

"ஆமாங்க."

"ஆமாங்கன்னா?"

"அக்கட்டத்தானுங்க வாட்டம் உட்டிருக்குது."

"ஓட்டை இக்கட்ட இருக்குது."

"இருக்குதுங்க."

"யார் அப்படி விடச் சொன்னது?"

"உங்க மாமாதானுங்க. திங்கக்கெழம வந்தாரு. ஈசானி மூலைக்குத்தான் தண்ணி வரோணும், நீங்களும் சரின்னுட்டீங்கன்னு சொன்னாரு."

"அவர் சொன்னார். ஓட்டை எதுத்த மூலைல இருக்கறது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னங்க, ஓட்டையச் சுத்தி டைல்ஸ் அறுத்து வெச்சதே நாந்தானுங்களே. ஒரு வைப்பர் வாங்கித் தள்ளியுட்டாப் போவுதுங்க. எல்லா ஊட்லயும் அப்படித்தானுங்க தள்ளிக்கறாங்க."

வாக்கரை இரண்டு கையாலும் பிடித்து நிற்கிற அம்மா வைப்பரை எந்தக் கையால் பிடிப்பார் என்று கேட்டேன். அதை யோசிக்கவில்லை என்றார். இருபது நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுவாக இருக்கலாம்.

மாமா அம்மாவின் தம்பி. லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவர். ஓய்வு பெற்ற பின் போனில் வாஸ்து பார்க்கிறார். ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் போனில் திசைகாட்டியைத் திறப்பார். தண்ணீர் குடிப்பது அப்புறம்தான். தென்மேற்கு மூலையில் தண்ணீர் போனதால்தான் தன் அக்காவுக்கு முழங்கால் போனது என்று ஆபரேஷன் நடந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னவர். எலும்பு டாக்டர் அந்தப் பக்கமாகப் போனார். நல்ல வேளை, காதில் விழவில்லை.

4.15-க்கு அவரே வந்தார். மூலையில் நின்ற தண்ணீரைப் பார்த்து முகம் மலர்ந்தது.

"பாத்தியா மாப்ள. எப்படித் தேடி வந்து நிக்குது பாரு."

"உங்க காலையும் தேடி வந்துருச்சுங்க" என்றாள் என் மனைவி. நடையில் வந்த தண்ணீரில் அவர் வேட்டி நுனி நனைந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்காக வாங்கி வைத்திருந்த வாக்கரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதப் புடிச்சுக்கிட்டு உள்ள போயிட்டு வாங்க மாமா."

"எனக்கு எதுக்கு மாப்ள வாக்கரு?"

"அம்மா எப்படிப் போவாங்களோ அப்படிப் போங்க. முழங்கால மடக்காதீங்க."

சிரித்துக்கொண்டே பிடித்தார். வாக்கரைத் தூக்கி, தேங்கிய தண்ணீருக்குள் வைத்தார். உடம்பைச் சாய்த்ததும் அதன் வலது கால் ஒரு சாண் வழுக்கியது. வழுக்காத டைல்ஸ் என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன டைல்ஸ். மாமா சுவர்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு நின்றுவிட்டது. தன் காலடித் தண்ணீரைப் பார்த்தார்.

"எங்கக்கா உழுந்துருவா மாப்ள."

"ஆமாங்க."

"ஒடச்சிரு." வெளியே வந்து வேட்டியைப் பிழிந்தார். பிழிந்து முடிப்பதற்குள் பழைய மாமாவாகிவிட்டார். "ஒடைக்கறது ஒடைக்கற, அந்த ஓட்டைய மட்டும் ஈசானிக்கு மாத்திட்டீன்னா ரெண்டு பேத்துக்கும் சரியாப் போயிரும்."

என் மனைவி உள்ளே போய்விட்டாள். சிரிக்கத்தான் போனாள். நான் வண்டிச் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

"வெண்ணந்தூர் போங்க. மேஸ்திரி எந்த நோம்பியில இருந்தாலும் காலைல ஆறு மணிக்கு அவரப் பின்னால உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டு வாங்க. வர்ற வழில அவருகிட்ட எந்தத் திசையப் பத்தியும் பேசாதீங்க."

அவர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். சாவியை வாங்கிக்கொண்டு போனார். அக்காவின் கால் என்றால் அவருக்கு உண்மையிலேயே பயம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு இத்தனை முட்டாள்தனம் செய்ய முடியும் என்பதுதான் எனக்குப் புதிது.

மாலை ஆறு மணிக்கு அம்மாவின் போன்.

"வெள்ளிக்கிழமை முடியாதுங்கம்மா. தரைய ஒடைக்கோணும். ஞாயித்துக்கிழமை."

"உன்ற மாமன் வந்தானா?"

"வந்தாருங்க."

"அதானே பாத்தேன். நேத்துக் குளிக்கறப்போ காத்துக்குத் திரை தூக்கிருச்சு சாமி. தறிக்காரங்க யாரோ அந்தப் பக்கமாப் போனாங்க. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

சுவர்க் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையை வட்டமிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கட்டாயமா?"

"கட்டாயமுங்க."

6.40-க்கு டைரியை எடுத்தேன். மாமாவைப் பற்றியும் மேஸ்திரியைப் பற்றியும் எழுத நிறைய இருந்தது. முந்தைய பக்கத்தில் என் கண் பட்டது. மே 13, செவ்வாய். வழக்கம்போலத் தெளிவான கையெழுத்து: "1.00 மணிக்குத் தரை டைல்ஸ் முடிந்தது. வாட்டம் சரி."

செவ்வாய்க்கிழமை மதியம் நான் பாத்ரூமுக்குள் போகவே இல்லை. பண்ணையில் மோட்டார் நின்றுவிட்டது, சாப்பிடக்கூட வரவில்லை. மாலையில் ஏழு மணிக்கு வந்து, எப்போது முடிந்தது என்று மனைவியிடம் கேட்டு, கதவருகே நின்று எட்டிப் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதினேன். என் அலமாரியிலேயே ரசமட்டம் இருக்கிறது, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுமே, அதுதான். அதைத் தரையில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். சிமெண்டு ஈரமாக இருந்த நேரம். அப்போதே தெரிந்திருந்தால் டைல்ஸைப் பெயர்த்து எடுத்து மறுபடி ஒட்டியிருக்கலாம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருந்திருக்கும். படம் வரைந்தது நான், அம்பு போட்டது நான். அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிவிட்டேன். நேற்றும் நாற்பத்தொன்று, முந்தாநாளும் நாற்பத்தொன்று.

அந்த வரியை அடிக்கவில்லை. டைரியில் அடிப்பது எனக்குப் பழக்கமில்லை. அதன் கீழே, "பார்க்காமல் எழுதியது" என்று எழுதித் தேதி போட்டேன்.

மறுநாள், மே 15, வியாழக்கிழமை. 4.40-க்கு எழுந்ததும் முதல் வேலையாக இரண்டாவது ஷெட்காரருக்குப் போன் செய்தேன்.

"வர வேண்டாம்னீங்களே?" என்றார்.

"வாங்க. நான் இன்னைக்கு லீவு. மூணு ஷெட்டும் நீங்க பாத்துக்கோங்க."

கத்திரியில் நான் லீவு எடுத்து அவர் கண்டதில்லை. "ஊட்ல யாருக்காச்சும் முடியலீங்களா?"

"தரை ஒடைக்கறோம். பக்கத்துல நின்னு பாக்கோணும்."

"செரிங்க. அப்ப ரெண்டு மணிக்கு எழுதறது?"

"ரெண்டு மணிக்குப் பாத்துட்டு எழுதுங்க."

"பாத்துட்டே எழுதறனுங்க" என்றார். குரலில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ரசமட்டத்தை எடுத்தேன்.