பதினோரு மாதச் சைக்கிள்

கடைக்குப் போனால் அரை மணி நேரத்தில் வாங்கி வந்துவிடக்கூடிய ஒரு பொருளுக்காக நான் பதினோரு மாதம் காத்திருந்தேன். இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் எவ்வளவு பாசமான மாமா என்று உருகுகிறார்கள். காத்துக்கிடந்தது அவர்கள் இல்லையே, தாராளமாக உருகட்டும்.

அப்போது நாங்கள் உலு திராமில் ஒரு தாமானில், அந்தக் குடியிருப்பின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் மட்டும்தான் சைக்கிளில் வரலாம். ஐந்து வருடமும் நான் பள்ளி வேனின் கடைசி சீட்டில், என் புத்தகப்பையோடு இன்னொருத்தியின் பையையும் மடியில் சுமந்துகொண்டு போனவள். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு இடைநிலைப்பள்ளி, அது தூரம், பஸ்தான். ஆகவே என் ஆயுளில் பள்ளிக்கூட வாசலில் மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் நுழைய எனக்கு இருந்தது ஒரே வருடம். அதற்கு முந்தைய நவம்பர் விடுமுறையிலேயே கடையில் ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தேன். ரோஸ் நிறம், முன்னால் வெள்ளைக் கூடை. அப்பாவும் சரி என்றுவிட்டார்.

நடுவில் புகுந்தவர் மாமா. அம்மாவின் தம்பி, அப்போது கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டுப் பின்னறையில் தங்கியிருந்தார். சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நாங்கள் எழுவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய்விடுவார். செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, குறை இருப்பதைத் தள்ளி வைப்பதுதான் அங்கே அவருக்கு வேலை. அந்தப் புத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"அதெல்லாம் தகரம்லா, மச்சான். ஒரு வருசம் தாங்காது. புள்ளைக்கு நானே கட்டித் தரேன். அந்தக் காலத்து சைக்கிள் மாதிரி, நிமிந்து உக்காந்து ஓட்டலாம்."

அப்பா உடனே ஒத்துக்கொண்டார். எனக்கு நிமிர்ந்து உட்கார வேண்டுமா, கூடை வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் வந்தது வெறும் சட்டம். கோத்தா திங்கியில் வெள்ளம் வடிந்த பிறகு யாரோ ஊறிப்போன மெத்தைகளோடு சாலையோரத்தில் வீசியிருந்ததை மாமா கேட்டு வாங்கி வந்தார். குழாய்க்குள்ளிருந்து சேறு கொட்டியது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் என்னுடைய பல்துலக்கியும் செலவாயின. பிறகு சக்கரம் தேடினார். கிடைத்த சக்கரத்தில் கம்பிகள் சரியில்லை என்று எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகக் கோர்த்தார். சுற்றிவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி பிரிப்பார். பள்ளி திறந்து மார்ச் ஆகிவிட்டது. நான் வேனில் போய்க்கொண்டிருந்தேன்.

"எப்ப மாமா முடியும்?"

"முடிஞ்சிரும்மா. பிரேக் மட்டும்தான்."

அந்தப் பிரேக் இருக்கிறதே, அதைச் சொன்னால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எல்லாரையும்போல வயர் பிரேக் போட்டால் ஆகாதாம். பழைய சைக்கிள்களில் இருக்குமே, கைப்பிடிக்குக் கீழே நீளமான இரும்புக் கம்பி, அதுதான் வேண்டுமாம். லாபிஸில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கிழவரின் பழைய இரும்புக்கடையில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அப்பாவின் காரை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். இன்றைக்கே சைக்கிள் முடிந்துவிடும் என்று நம்பி நானும் ஒட்டிக்கொண்டேன். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். கிழவர் குவியலுக்குள் அரை மணி நேரம் புரட்டி, அந்தக் கம்பிகளை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். மாமா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டு மில்லி வளைஞ்சிருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார்.

"அலமாக்," என்று தலையில் கை வைத்தார் கிழவர். எனக்கும் அதைத்தான் சொல்லத் தோன்றியது. திரும்பும் வழி முழுக்க நான் மாமாவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை, விசிலடித்துக்கொண்டே காரை ஓட்டினார்.

எதிர்வீட்டுச் சிறுமி அந்த ரோஸ் சைக்கிளையே வாங்கிவிட்டாள். கூடையில் பையை வைத்துக்கொண்டு, எங்கள் வேனை முந்திக்கொண்டு போவாள். போகும்போது கையாட்டுவாள் வேறு.

வளையாத கம்பி ஆகஸ்டில் கிடைத்தது. தோல் சீட்டு அதற்கும் பிறகு. அக்டோபரில் ஆயுத பூஜை வந்தபோது சைக்கிள் ஒருவழியாக முழு உருவத்தில் நின்றது. பச்சை வண்ணம், வெள்ளிக்கோடு, வட்டமான விளக்கு. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பள்ளி முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. ஒரே ஒரு வேலை பாக்கி, என்னை ஏற்றி உட்காரவைத்து, என் கைக்கு ஏற்றபடி கைப்பிடியின் உயரத்தை வைத்து, நடுவில் இருக்கும் போல்ட்டை இறுக்க வேண்டும்.

மாமா அன்றைக்கு வேலையிலிருந்து ஓடிவந்தார். ஆனால் அம்மா அதற்குள் வீட்டிலிருந்த அத்தனை கருவிகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிட்டார். அரிவாள்மணை, கத்தரிக்கோல், சுத்தியல், என் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் மாமாவின் ஸ்பானர்.

"அக்கா, ரெண்டு நிமிசம். அந்த ஸ்பானர மட்டும் குடு."

"படைச்சாச்சுடா. நாளைக்குக் காலையில மறுபூஜை முடிஞ்சுதான் எடுக்கணும்."

"புள்ள சைக்கிளுக்குத்தான் கேக்கறேன்."

"பதினோரு மாசமா கட்டற. ஒரு ராத்திரி பொறுக்க மாட்டியா?"

பக்கத்து வீட்டில் இரவல் கேட்கட்டுமா என்றார் மாமா. சாமி முன்னால் ஆயுதத்தை வைத்துவிட்டு இன்னொருவர் வீட்டில் ஆயுதம் வாங்குவாயா என்று அம்மா அதட்டினார். மாமா போல்ட்டைக் கையாலேயே முடிந்தவரை திருகினார். என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலையில இறுக்கித் தரேன். அது வரைக்கும் ஏறக்கூடாது, என்னம்மா," என்றார். நான் தலையை ஆட்டினேன். அம்மா கதவருகில்தான் நின்றிருந்தார்.

பூஜை முடிந்ததும் வண்டிகளுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பாவின் கார் நசுக்கியது, மாமாவின் மோட்டார் சைக்கிள் நசுக்கியது. என் சைக்கிளின் முன்சக்கரத்தடியில் வைத்த பழம் மட்டும் முழுசாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் விடுமுறை. காலையில் மாமா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா மறுபூஜைக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி தன் ரோஸ் சைக்கிளில் தெருவில் ஒரு சுற்றுப் போனாள். நான் கேட்டைத் திறந்தேன். ஒரு சுற்றுதானே, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வந்துவிடலாம்.

பழம் நசுங்கியது. சைக்கிள் அப்படி ஓடியது, ஒரு சத்தமில்லை. தெருமுனை வரைக்கும் நான்தான் ராணி. முனையில் கைப்பிடியைத் திருப்பினேன். கைப்பிடி திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. நேராகத் தெருவோர லொங்காங்குக்குள், சாக்கடைக்குள் போய் விழுந்தேன். சிமெண்டு விளிம்பில் முகம் மோதி முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. பால்பல்லும் இல்லை, விழுந்து மறுபடி முளைக்க.

வாயெல்லாம் ரத்தத்தோடு என்னைப் பார்த்ததும் அம்மாவுக்குச் சாமி வந்ததுபோல ஆகிவிட்டது. பொம்பளைப் பிள்ளையின் முகத்தைக் கெடுத்துவிட்டாய், ஊர்க்குப்பையை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து என் பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்தாய் என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கம் கூடிவிட்டது. மாமா ஈரத்தலையோடு நின்றார். அப்பா அவரைப் பார்த்து, "போல்ட்ட இறுக்கவே இல்லையாடா?" என்று கேட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் துண்டால் வாயை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

"மறந்துட்டேன், மச்சான்."

அம்மா ஒரு கணம் நிறுத்தினார். பிறகு முன்னைவிடச் சத்தமாகத் திட்ட ஆரம்பித்தார்.

அந்த வாரமே அப்பா ரோஸ் சைக்கிளை வாங்கித் தந்தார். கடைசி மூன்று வாரம் பல்லைக் காட்டாமல் சிரித்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வருடம் முடிவதற்குள் மாமா மாசாயில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பச்சைச் சைக்கிளையும் கொண்டுபோனார். வேலைக்குப் பக்கம் என்று சொன்னார்கள், நம்பினேன். ரோஸ் சைக்கிள் ஒரே வருடத்தில் துருப்பிடித்தது. பச்சையை இன்றைக்கு மாமாவின் மகள் ஓட்டுகிறாள். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

பல் உடைந்ததற்கு அடுத்த வருடத்திலிருந்து ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் எல்லாக் கருவிக்கும் குங்குமம் உண்டு, மாமா விட்டுப்போன அந்த ஸ்பானருக்கு மட்டும் கிடையாது. அம்மா அதை எடுத்து ஐஸ்பெட்டி மேல் வைத்துவிடுவார். "மறந்துட்டீங்கம்மா" என்று நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். "அது அங்கயே இருக்கட்டும்" என்பார். என் பல்லை உடைத்த கருவியாயிற்றே, சாமி முன்னால் உட்கார அதற்கு அருகதை இல்லை என்று தண்டித்திருக்கிறார் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

போன வருடம் பூஜைக்கு மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். தண்ணீர் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறக்கப் போனவர் மேலே பார்த்தார்.

"என்னக்கா, இத இங்க வச்சிருக்க?"

அம்மா விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"வேணும்னா எடுத்துக்கடா," என்றார்.

மாமா அதை எடுக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, ஐஸ்பெட்டிக் கதவைச் சாத்தினார். அன்றைக்குக் கொடுக்காத ஸ்பானரைக் கொடுத்து, அம்மா தன் பங்குத் தப்பைச் சொல்லிவிட்டார். நான் பொய்ப்பல்லை நாக்கால் தடவிக்கொண்டு அங்கேதான் நின்றிருந்தேன், அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.